ஒரு யூனிட் ஜெராக்ஸ் போடலாம், முழுப் புத்தகம்?

போன செமஸ்டர், இன்டர்னலுக்கு இரண்டு நாள் முன்னாடி. கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வழக்கம்போல கூட்டம். நூலகத்தில் எடுத்த கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் புத்தகத்தை நீட்டி, "அண்ணா, ஃபுல் புக். ஸ்பைரல் போட்டுடுங்க" என்றேன். அண்ணன் புத்தகத்தை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்.

"ஃபுல் புக் இனிமே போடறதில்ல தம்பி. டவுன்ல ஒரு கடையில மெஷினையே தூக்கிட்டுப் போயிட்டாங்களாம். எந்த யூனிட் வேணும்னு சொல்லு, போட்டுத் தரேன்."

"ஒரு யூனிட் போட்டா மட்டும் தப்பு இல்லையா?"

"அது எனக்கு என்னப்பா தெரியும்? படிக்கிற பையன் நீதானே சொல்லணும்!"

எனக்கும் தெரியாது. தெரியாமலே மூன்று வருஷம் ஓட்டியாச்சு. அந்தப் புத்தகம் கடையில் 900 ரூபாய்க்குக் கிட்ட. எங்கள் டிபார்ட்மென்ட்டில் 120 பேர், நூலகத்தில் ஆறு காப்பி. மீதிப் பேர் லோக்கல் ஆத்தர் புக்கை வாங்கி பார்ட் ஏ-வை மனப்பாடம் பண்ணிட்டு பரீட்சைக்குப் போகிறார்கள். நல்ல புத்தகத்தின் 40 பக்கத்தை ஜெராக்ஸ் எடுப்பது திருட்டா, உரிமையா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். நான் ட்ரிபிள் ஈ, வக்கீல் இல்லை. அதனால் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். ஆனால் படித்தவரைக்கும் ஒன்று நிச்சயம்: நாம் பயப்படும் இடத்தில் சட்டம் நம் பக்கம் நிற்கிறது, நாம் அலட்சியமாக இருக்கும் இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம்.

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பம்

'கதைக்குக் காப்புரிமை கோரி வழக்கு' என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அது தப்பு. காப்புரிமை என்றால் பேட்டன்ட். கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது, விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, பரிசீலனையில் தேறி வாங்க வேண்டும், 20 வருடம்தான் ஆயுள். பதிப்புரிமைதான் காப்பிரைட். அதற்கு விண்ணப்பமே தேவையில்லை. நீங்கள் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதிய நொடியில், ஒரு ப்ரோக்ராம் அடித்து முடித்த நொடியில் அது உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வசதி உண்டு, கட்டாயம் இல்லை. பக்கத்தின் கீழே வட்டத்துக்குள் எழுத்துப் போட்டால்தான் உரிமை என்று நினைப்பதும் கட்டுக்கதை.

இந்த உரிமை எழுத்தாளர் வாழும் காலம் முழுக்கவும், அவர் இறந்த அடுத்த வருடத்திலிருந்து 60 வருடமும் இருக்கும். முன்பு அது 50 வருடமாக இருந்தது. 1941இல் தாகூர் இறந்தார். அவர் எழுத்துகளின் உரிமை விஸ்வபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்தது. அது 1991 முடிவோடு போய்விடும் என்ற நிலை வந்தபோதுதான் இந்தியாவில் 60 ஆக நீட்டினார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் கவலை நாடு முழுக்க எல்லாப் புத்தகத்துக்கும் பத்து வருடம் சேர்த்துவிட்டது, யோசித்துப் பாருங்கள். நம்ம ஊரில் இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு வழக்கம் உண்டு: தமிழக அரசு எழுத்தாளரின் வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குவது. கல்கியின் நூல்கள் அப்படி ஆனதால்தான் பொன்னியின் செல்வனை இத்தனை பதிப்பகங்கள் இத்தனை விலைகளில் போட முடிகிறது.

இன்னொன்று: சட்டம் காப்பது கருத்தை அல்ல, அதைச் சொன்ன விதத்தை. ஓம் விதி யாருக்கும் சொந்தம் இல்லை. ஆனால் அதை ஓர் ஆசிரியர் விளக்கி எழுதிய பத்தி, அவர் வரைந்த படம், அவர் உருவாக்கிய கணக்கு, இதெல்லாம் அவருடையது. ஒரு புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொண்டு உங்கள் வார்த்தையில் நோட்ஸ் எழுதினால் அது உங்கள் படைப்பு. யாரும் கேட்க முடியாது.

'ஃபேர் யூஸ்' நம்ம ஊர்ச் சரக்கு இல்லை

யூடியூப் வீடியோக்களுக்குக் கீழே ஒரு நீளமான வாசகம் போட்டிருப்பார்கள்: 1976 சட்டம், 107ஆம் பிரிவு, ஃபேர் யூஸ் என்றெல்லாம். அது அமெரிக்கச் சட்டம். அங்கே நீதிபதி நான்கு விஷயங்களை எடை போடுவார்: எதற்காக எடுத்தாய், எந்த மாதிரிப் படைப்பிலிருந்து எடுத்தாய், எவ்வளவு எடுத்தாய், அதனால் அதன் சந்தை எவ்வளவு அடிபடும். நான்கையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்வார். அந்த வாசகத்தைக் காப்பி பேஸ்ட் செய்வதால் மட்டும் அமெரிக்காவிலேயே பாதுகாப்பு கிடையாது. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு போட்டால் என்ன கிடைக்கும்?

இந்தியச் சட்டத்தில் இருப்பது 'ஃபேர் டீலிங்', நியாயமான கையாளுகை. 52ஆம் பிரிவில் எதெல்லாம் மீறல் ஆகாது என்று ஒரு நீண்ட பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அதன் முதல் உட்பிரிவு சொந்தப் பயன்பாடு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் கையாளலாம் என்கிறது. நமக்கு முக்கியமானது அதற்குப் பிறகு வரும் 'ஐ' உட்பிரிவு. கற்பித்தலின் போக்கில் ஓர் ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் மறுபடி எடுப்பது மீறல் ஆகாது; தேர்வுக் கேள்வியிலும் அதற்கான பதிலிலும் எடுத்தாளலாம். எத்தனை பக்கம், எத்தனை சதவீதம் என்று அதில் எதுவும் கிடையாது. ஒரே வரி. அந்த ஒரு வரியை வைத்துத்தான் இந்தியாவின் மிகப் பெரிய ஜெராக்ஸ் வழக்கு நடந்தது.

டெல்லி ஜெராக்ஸ் கடை

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பள்ளி வளாகத்துக்குள் ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீஸ் என்று ஒரு சின்னக் கடை. பல்கலைக்கழகம் உரிமம் கொடுத்து வைத்திருந்த கடைதான். பேராசிரியர்கள் சிலபஸுக்குத் தேவையான அத்தியாயங்களைப் பல புத்தகங்களிலிருந்து குறித்துக் கொடுப்பார்கள். கடையில் அவற்றை ஜெராக்ஸ் எடுத்து ஒன்றாக பைண்ட் செய்து மாணவர்களுக்கு விற்பார்கள். அதற்கு 'கோர்ஸ் பேக்' என்று பெயர். நம்ம ஊரில் மேடம் கொடுக்கும் 'யூனிட் த்ரீ மெட்டீரியல்' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் சேர்ந்து அந்தக் கடை மீதும் பல்கலைக்கழகம் மீதும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. உலகத்தின் பெரிய பதிப்பகங்கள் ஒரு பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடை மறு பக்கம். நீதிமன்றம் அனுப்பிய ஆணையர் கடைக்கு வந்து என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுத்தார். அந்த வருடம் அக்டோபரில் கோர்ஸ் பேக் விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் வந்தது.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். பாதிக்கப்பட்ட மாணவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. ஒரு சங்கம் அமைத்து, எங்களையும் இந்த வழக்கில் சேருங்கள் என்று கேட்டு உள்ளே வந்தார்கள். ஆசிரியர்களும் தனியாக ஓர் அமைப்பின் பெயரில் வந்தார்கள். எந்தப் புத்தகங்களுக்காக வழக்கோ, அவற்றை எழுதியவர்களில் சிலரே 'மாணவர்கள் படிக்கட்டும், வழக்கை வாபஸ் வாங்குங்கள்' என்று பதிப்பகங்களுக்குக் கடிதம் எழுதினார்கள்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவர் வாதம் நமக்கு எளிதாகப் புரியும். நூலகத்தில் உட்கார்ந்து ஒரு மாணவர் கையால் எழுதி எடுத்தால் அது தப்பில்லை. அதையே இயந்திரம் வேகமாகச் செய்தால் மட்டும் எப்படித் தப்பாகும்? தொழில்நுட்பம் வந்ததால் அனுமதிக்கப்பட்ட செயல் குற்றமாக மாறிவிடாது. 'கற்பித்தலின் போக்கில்' என்றால் வகுப்பறையில் மணி அடித்து மணி அடிக்கும் வரைக்கும் மட்டும் இல்லை. சிலபஸ் தயாரிப்பதிலிருந்து வகுப்பு முடிந்த பிறகு படிப்பதுவரை எல்லாம் அதில் அடங்கும். பதிப்புரிமை இயற்கையாகவோ தெய்வீகமாகவோ வந்த உரிமை அல்ல, அறிவு வளர்வதற்காகச் சட்டம் ஏற்படுத்திக் கொடுத்த உரிமை என்றும் அவர் சொன்னார்.

பதிப்பகங்கள் மேல்முறையீடு போயின. அதே வருடம் டிசம்பர் 9 அன்று இரண்டு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு கொடுத்தது. இங்கேதான் நம் கடைக்கார அண்ணன் கேள்விக்கான பதில் இருக்கிறது, பாதிப் பதில். எத்தனை சதவீதம் என்று கோடு போட அந்த அமர்வு மறுத்துவிட்டது. அளவுகோல் பக்கக் கணக்கு அல்ல, நோக்கம். கற்பிப்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு எடுத்தால் அது நியாயம். ஜெராக்ஸ் எடுப்பது வெளியே இருக்கும் கடைக்காரர் என்பதாலும் மாணவரின் உரிமை போய்விடாது. மாணவர் எடுக்கலாம் என்றால், அவருக்காகக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதும் அதற்குள் வரும். இதே மாதிரி ஒரு வழக்கை அமெரிக்காவில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் மீது 2008இல் தொடுத்த பதிப்பகங்களிலும் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு உண்டு. அங்கே ஒவ்வொரு புத்தகமாக எத்தனை அத்தியாயம், எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டு, மேல்கோர்ட் கீழ்கோர்ட் என்று ஏறி இறங்கி, முடிய 2020 ஆகிவிட்டது. பல்கலைக்கழகம்தான் பெரும்பாலும் ஜெயித்தது. ஆனால் பன்னிரண்டு வருடம்!

சரி, மீதிப் பாதிப் பதில்? ஆணையர் கணக்கெடுத்தபோது கடையில் சில புத்தகங்கள் அட்டை முதல் அட்டை வரை ஜெராக்ஸ் ஆகியிருந்தன. அந்த அமர்வு அதைக் கவனித்தது. கோர்ஸ் பேக்கில் சேர்த்த பகுதிகள் உண்மையிலேயே கற்பிப்பதற்குத் தேவைதானா என்பதையும், முழுப் புத்தக விஷயத்தையும் சாட்சி வைத்து விசாரிக்க வேண்டும் என்று சொல்லி வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது. அந்த விசாரணை நடக்கவே இல்லை. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே வாபஸ் வாங்கிக்கொண்டன. ஜெராக்ஸுக்கு உரிமம் கொடுத்துக் கட்டணம் வசூலிக்கும் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் போனது. மே மாதம் அதுவும் தள்ளுபடி ஆனது.

ஆகவே இன்றைய நிலை இதுதான். சிலபஸில் இருக்கும் யூனிட்டுக்குத் தேவையான பக்கங்களை எடுக்கிறீர்களா, தைரியமாக நிற்கலாம். முழுப் புத்தகத்துக்குப் பதில் சொல்லாமலே கதவைச் சாத்திவிட்டார்கள். அண்ணன் சட்டம் படிக்காமலே சரியான இடத்தில் கோடு போட்டிருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியம். ஒரு சின்ன எச்சரிக்கை: இது டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றம் இதை மதித்துப் பார்க்கும், ஆனால் அப்படியே ஏற்றாக வேண்டிய கட்டாயம் இல்லை.

நாம் அலட்சியமாக இருக்கும் இடம்

ஜெராக்ஸுக்குப் பயப்படுகிற நாம் லேப்டாப்பில் என்ன செய்கிறோம்? கிராக் போட்ட சாஃப்ட்வேர் இல்லாத ஹாஸ்டல் ரூம் எனக்குத் தெரிந்து இல்லை. முதல் உட்பிரிவில் சொந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி என்று சொன்னேன் அல்லவா, அதிலேயே 'கணினி நிரல் தவிர' என்று எழுதியிருக்கிறார்கள். அதோடு 63பி என்று தனிப் பிரிவு: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு சாஃப்ட்வேரைக் கணினியில் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். லாபத்துக்காக இல்லை என்றால் நீதிபதி சிறையை விட்டுவிட்டு அபராதம் மட்டும் போடலாம். விற்பவருக்கு மட்டுமில்லை, பயன்படுத்துபவருக்கே தண்டனை என்பதைக் கவனியுங்கள். மேட்லேபுக்குப் பதில் சைலேப் அல்லது ஆக்டேவ், சர்க்யூட் போர்டுக்கு கைகேட் என்று இலவச மாற்று இருக்கிறது. சைலேபுக்கு ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழிலேயே கிடைக்கும். கல்லூரி வாங்கி வைத்திருக்கும் லைசென்ஸ் உங்கள் லேப்டாப்புக்கும் செல்லுமா என்று லேப் அசிஸ்டன்ட்டிடம் கேட்டுப் பாருங்கள். பல பேர் கேட்பதே இல்லை.

அடுத்தது டெலிகிராம். 'ஐ' உட்பிரிவு மறுபடி எடுப்பதை அனுமதிக்கிறது; ஊருக்கே விநியோகம் செய்வதை அல்ல. உங்கள் வகுப்புக்காக ஒரு அத்தியாயத்தை ஸ்கேன் செய்து வகுப்புக் குழுவில் மட்டும் போடுவதற்கும், முழு பிடிஎஃப்-ஐ 30,000 பேர் இருக்கும் சேனலில் ஏற்றுவதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. முதலாவதற்கு வாதாட இடம் உண்டு. இரண்டாவது பொதுமக்களுக்குப் பரப்புதல். எந்தப் பாடத்தின் போக்கிலும் அது வராது என்பது என் கருத்து. ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்காக எல்லாரும் ஓடும் சை-ஹப் மீது எல்செவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மூன்றும் 2020 டிசம்பரில் இதே டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. அந்தப் பக்கம் போவதற்கு முன், அரசு கல்லூரியில் படிப்பவராக இருந்தால் நூலகரிடம் 'ஒரே நாடு ஒரே சந்தா' பற்றிக் கேளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கியது. மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரிக்காரர்கள், அதாவது என்னைப் போன்றவர்கள், கட்டுரை எழுதியவருக்கே ஒரு மெயில் போடலாம். நான் மூன்று பேருக்குப் போட்டேன். இரண்டு பேர் மறுநாளே அனுப்பிவிட்டார்கள்.

கடைசியாக எங்கள் இதழின் கதை. போன வருடம் ஒரு இதழின் அட்டைக்கு இணையத்தில் கிடைத்த ஒரு போட்டோவைப் போட்டோம். கீழே பொறுப்பாக 'நன்றி: கூகுள்' என்றும் போட்டோம். இரண்டு வாரத்தில் அதை எடுத்தவரிடமிருந்து மெயில் வந்தது. திட்டவில்லை. "நான் ஒரு கல்யாண போட்டோகிராபர். இந்தப் படத்துக்காக நான்கு நாள் விடியற்காலையில் போய் நின்றேன். என் பெயராவது போட்டிருக்கலாமே" என்று எழுதியிருந்தார். எடிட்டோரியல் டீமில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. படத்தை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டோம். அதற்குப் பிறகுதான் இரண்டு விஷயம் எங்களுக்குப் புரிந்தது. பெயர் போடாமல் எடுப்பது கருத்துத் திருட்டு. அனுமதி இல்லாமல் எடுப்பது பதிப்புரிமை மீறல். இரண்டும் வேற வேற. பெயர் போட்டுவிட்டால் அனுமதி வாங்கியதாக ஆகிவிடாது. பதிப்புரிமை முடிந்துபோன பழைய நூலிலிருந்து எடுத்தாலும் பெயர் போடாவிட்டால் அது கருத்துத் திருட்டுதான். ஆய்வேடு எழுதப் போகிறவர்கள் யுஜிசியின் 2018 விதிகளையும் பார்த்துவிடுங்கள்: ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

உங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் யாருக்குச் சொந்தம் என்றும் பல பேர் கேட்கிறீர்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம். நீங்கள் ஃபீஸ் கட்டுகிறீர்கள், சம்பளம் வாங்கவில்லை. ஆகவே ரிப்போர்ட்டும் நீங்கள் எழுதிய கோடும் உங்களுடையது. அதை வேறொருவருக்கு மாற்ற வேண்டுமானால் எழுத்தில் கையெழுத்து வேண்டும். அதனால் இன்டர்ன்ஷிப் கம்பெனியோ கல்லூரியோ நீட்டும் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கிட்ஹப்பில் லைசென்ஸ் எதுவும் போடாத ஒரு ப்ராஜெக்ட்டைப் பார்த்தால் 'ஃப்ரீ' என்று அள்ளிக்கொண்டு வராதீர்கள். லைசென்ஸ் இல்லை என்றால் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது என்று அர்த்தம். எம்ஐடி லைசென்ஸ் இருந்தால் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு தாராளமாகப் பயன்படுத்தலாம். ஜிபிஎல் என்றால், அதைச் சேர்த்து நீங்கள் வெளியிடும் ப்ரோக்ராமின் மூலத்தையும் அதே விதிகளில் திறந்து கொடுக்க வேண்டிவரும்.

இந்தத் தடவை மாடல் எக்ஸாமுக்கு முன்னாடி மறுபடி கடைக்குப் போனேன். டெல்லிக் கதையை அண்ணனிடம் சொன்னேன். மெஷினை ஓட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டார். "அந்தக் கடைக்காரர் இன்னும் கடை வெச்சிருக்காரா?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. வழக்கில் ஜெயித்துவிட்டார் என்றேன். தலையாட்டிவிட்டு, "சரி, எந்த யூனிட்?" என்றார்.